மஸ்திகா என்னும் கிரேக்க மது ஊசோவைப் போன்றதா?

மஸ்திகா மது, ஊசோ என்னும் மற்றொரு கிரேக்க மதுவின் இனிப்பான வடிவம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஊசோவின் மணத்திற்குக் காரணம் சோம்பு. மஸ்திகாவின் மணத்திற்குக் காரணம் ஒரு மரத்தின் பிசின். பல்கேரியாவிலும் வட மாசிடோனியாவிலும் ஏறக்குறைய இதே பெயரில் சோம்பு மணமுள்ள கடுமையான மது ஒன்று விற்கப்படுவதால், பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறார்கள்.

அந்தப் பிசின், துருக்கிக் கரைக்கு எதிரே ஏஜியன் கடலில் இருக்கும் கியோஸ் தீவின் தென்பகுதியிலிருந்து வருகிறது. பிர்கி, மெஸ்தா போன்ற ஊர்களில் கோடையில் மரத்தடியைப் பெருக்கிச் சமன்செய்து, வெண்ணிறச் சுண்ணப் பொடியைப் பரப்பிய பிறகே பட்டையில் சிறு கீறல்கள் இடுகிறார்கள். வடியும் துளிகள் அந்தப் பொடியின் மேல் விழுந்து இறுகுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். பிறகு ஒவ்வொரு மணியிலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் பட்டைத் துணுக்கையும் சிறு கத்தியால் சுரண்டி எடுக்கும் வேலை குளிர்காலம் முழுவதும் நீள்கிறது. பெரும்பாலும் பெண்களே செய்யும் இந்த வேலையைப் பற்றி அறிந்த பின்பு, நல்ல மஸ்திகாவின் விலையைக் குறித்து நான் முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டேன். இந்தப் பிசின் வளர்ப்பு முறையை யுனெஸ்கோ 2014-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஏதென்சில் ஓர் உணவகத்தில் சாப்பாடு முடிந்ததும், குளிரால் வெளிப்புறம் பனித்திருந்த சிறு கோப்பையில் இதனை எனக்குக் கொடுத்தார்கள். நாவில் முதலில் பட்டது சர்க்கரை. அதைத் தொடர்ந்து பைன் மரத்தின் வாடையும், மாங்காயைக் காம்போடு கிள்ளும்போது வடியும் பாலின் நெடியும் கலந்த ஒரு மணம் எழுந்தது. இந்த மரமும் மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலர் பிசினைச் சாராயத்தோடு சேர்த்துக் காய்ச்சி வடிக்கிறார்கள். சிலர் மஸ்திகா எண்ணெயைச் சாராயத்திலும் சர்க்கரைப் பாகிலும் கலப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்னதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் பின்னதில் பல சமயம் இனிப்பு மணத்தை விழுங்கிவிடுகிறது. நன்றாகக் குளிரவைத்து, எதையும் கலக்காமல் சிறிது சிறிதாக அருந்துவது நல்லது.

மதுவை வாங்குவதற்கு முன் மணத்தை மட்டும் அறிய விரும்பினால், நம் நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேளுங்கள். தரமான சரக்காக இருந்தால் அது இதே பிசின்தான். ஒரு மணியை வாயிலிட்டு மென்றால் முதலில் பொடியாக நொறுங்கிக் கசக்கும், சற்று நேரத்தில் மெல்லும் கோந்தாகத் திரண்டுவிடும்.