அம்மாவுக்கு விளங்கும்

அன்பின் ஐயா,

நான் திருகோணமலைப் பிள்ளை. மூன்று வருடமாக அரிசோனாவில் வேலை. வரும் ஏப்ரலில் நண்பர்கள் நான்கு பேரோடு பரியா கேன்யன் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐந்து நாள் நடக்கப் போகிறேன். பக்ஸ்கின் கல்ச் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு வழியாகப் புகுந்து, கொலராடோ ஆற்றங்கரையில் லீஸ் ஃபெரிக்கு வந்து சேர்வோம். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. என் பை இப்போது 16 கிலோ, எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. சப்பாத்து எது நல்லது? ஆற்றுத் தண்ணீர் ஒரே சேறு, அதை எப்படிக் குடிப்பது? வெள்ள அபாயம் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் என்கிறார்கள். இருந்தாலும் பேஜ் நகரத்து வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம்.

அம்மாதான் பிரச்சினை. வெருகலாற்றுப் பக்கத்து ஈச்சிலம்பற்றில் பிறந்தவ. கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்தும் போனவ. ஆனால் இதைச் சொன்னதும் "அங்க என்ன கோயிலா இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டா. அவவுக்கு இதெல்லாம் விளங்காது. லாஸ் வேகாஸில் ஹோட்டலில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். நடைப் பயணங்கள் பற்றி எழுதுகிறவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்? பாறைச் சுவர்களுக்கு இடையே மரக்கட்டை ஒன்று சிக்கியிருக்கும் படத்தையும் இணைத்திருக்கிறேன். எங்களுக்கு முன்னால் போன ஒருவர் எடுத்தது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை நான் வெருகல் பாலத்தில் நின்றேன். கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழி. திருகோணமலையில் நான்கு நாளாக ஒரு துளி இல்லை, வெயில் கொளுத்துகிறது. ஆனால் பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண் நிறத்தில் நுரையும் சருகுமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திறந்தால் அந்தப் படம். மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சப்பாத்து பற்றி இரண்டு வரிதான் எழுதுவேன். நாள் முழுக்கத் தண்ணீருக்குள் நடக்கப் போகிறீர்கள். தண்ணீர் புகாத சப்பாத்து என்று விற்பார்கள், வாங்காதீர்கள். மேலால் புகுந்த தண்ணீர் அதிலிருந்து வெளியே போகாது. கால் பழகிய, துணி வைத்த, சீக்கிரம் வடியும் சப்பாத்து போதும். பை 16 கிலோ அதிகம். உடுப்பைப் பாதியாக்குங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மலத்தைக்கூடப் பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கும் பையில் இடம் வையுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

சேற்றுத் தண்ணீர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. என் அம்மம்மா தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து விடுவா. காலையில் பார்த்தால் சேறு அடியில், மேலே தெளிந்த தண்ணீர். அங்கே அது கிடைக்காது. படிகாரம் கிடைக்கும், அதுவும் இதே வேலையைச் செய்யும். பின்னேரம் வாளியில் எடுத்து, படிகாரத்தூள் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி வையுங்கள். தெளிந்த பிறகு வடிகட்டிக் குழாயில் விடுங்கள். சேற்றை நேரே விட்டால் அந்தக் குழாய் முதல் நாளே அடைத்துக்கொள்ளும். பக்ஸ்கினைத் தாண்டிப் பரியாவில் இறங்கிய பிறகு பாறையிலிருந்து கசியும் நல்ல ஊற்றுகள் சில உண்டு. வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் உப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பில்லாமல் அளவுக்கு மிஞ்சிக் குடித்தாலும் ஆள் விழும்.

இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன்.

"பேஜ் நகரத்து வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேஜில் என்ன பெய்தால் உங்களுக்கு என்ன? நீங்கள் நிற்கப் போவது ஓர் ஆற்றின் தொண்டைக்குள். அந்த ஆற்றின் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? பரியா ஆறு பிரைஸ் கேன்யன் பக்கத்து மேட்டுநிலத்தில் தொடங்குகிறது. அங்கே இடி இடித்துக் கொட்டினால் உங்கள் தலைக்கு மேல் நீல வானம்தான் தெரியும். அதுவும் ஒரு கீற்றுத்தான், ஏனென்றால் பக்ஸ்கினில் சில இடத்தில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும். அந்த நிலம் வெறும் பாறை. நம்முடைய வயல் மண் போலக் குடித்து வைத்துக்கொள்ளாது. பெய்தது அத்தனையும் ஓடும். பல சதுர மைல் தண்ணீர் ஒரு கதவு அகல இடைவெளிக்குள் வந்தால் அகலத்தில் பரவ வழியில்லை, உயரத்தில்தான் ஏற வேண்டும். கணுக்காலில் இருந்தது தலைக்கு மேல் போகச் சில நிமிடம் போதும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று, நீங்கள் வானிலை பார்க்கப் போகிற அதே பேஜுக்குப் பக்கத்தில், அன்டிலோப் கேன்யனில் 11 பேர் செத்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழையே இல்லை என்று சொல்லலாம். பெய்தது சில மைல் தள்ளி. சரி, அது ஆகஸ்ட், நாங்கள் போவது ஏப்ரலில் என்பீர்கள். 2023இல் இதே பக்ஸ்கினுக்குள் போன மூவரில் இருவர் வெள்ளத்தில் செத்தார்கள். அது மார்ச் மாதம். வசந்தத்தில் பனி உருகும், அதன் மேல் மழையும் விழும். மாதத்தின் பெயர் உங்களைக் காப்பாற்றாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அபாயம் கூட என்பது உண்மை. மற்ற மாதங்களில் அபாயம் இல்லை என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டது நீங்கள்.

தெற்கு யூட்டாவின் கேன்யன்களுக்கென்றே அமெரிக்க வானிலைச் சேவை வெள்ள வாய்ப்பை நான்கு படியாகச் சொல்கிறது. எதிர்பார்க்கவில்லை, வரலாம், பெரும்பாலும் வரும், வரும். முதல் படியைத் தவிர வேறு எது இருந்தாலும் பக்ஸ்கினுக்குள் கால் வைக்காதீர்கள். இறங்குகிற காலை கனாப் ஊரில் இருக்கும் அமெரிக்க அரசின் நில நிர்வாக அலுவலகத்துக்குப் போன் எடுத்து, மேலே என்ன நிலவரம் என்று வாயால் கேளுங்கள். மேலே என்று கேளுங்கள்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. எனக்குப் பத்துப் பதினொரு வயது. அப்பாவுக்கு மகாவலிக் கங்கைக்கரையில் இரண்டு ஏக்கர் வயல். மார்கழியில் பன்றிக் காவலுக்கு வாடியில் படுப்பார். பள்ளிக்கூட விடுமுறைக்கு என்னையும் கூட்டிப் போனார். இரண்டு நாளாக மழை விட்டிருந்தது. இரவு வானத்தில் அவ்வளவு நட்சத்திரம். பக்கத்து வயல் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), மூதூர் மனிதர், பின்னேரமே வந்து அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, தண்ணி நிறம் மாறிட்டு. மலையில ஊத்தியிருக்கு. பிள்ளையக் கூட்டிட்டு திட்டிக்கு ஏறிரு." அப்பா வானத்தைக் காட்டினார். காக்கா வானத்தைப் பார்க்கவே இல்லை. ஆற்றையே காட்டினார்.

மகாவலி மலைநாட்டிலிருந்து 335 கிலோமீட்டர் ஓடி நம்முடைய கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகலாறு. நுவரெலியாவில் பெய்தது மூதூருக்கு வந்து சேரும். இதை அப்பா அறியாதவரா? அறிந்தவர்தான். ஆனாலும் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறபோது மனம் நம்ப மறுக்கிறது.

ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ நான் முதுகு நனைந்து விழித்தேன். வாடிக்குள் தண்ணீர். உங்கள் கேன்யன் போல நிமிடத்தில் வந்ததில்லை, எங்கள் கங்கை சத்தமில்லாமல் இரவு முழுக்க ஏறும். காக்கா பந்தத்தோடு வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திட்டிக்கு நடந்தார். பின்னால் வந்த அப்பா பாதி வழியில் திரும்பினார். வாடிக்குப் பின்னால் சைக்கிள் நின்றது. கடனுக்கு வாங்கிய ராலி சைக்கிள், நான்கு மாதத் தவணை மிச்சம். காக்கா கத்தினார். நான் கத்தினேனா என்று நினைவில்லை. அப்பா திட்டிக்கு வந்து சேர்ந்தபோது விடியப் போகிறது. கழுத்து வரை நனைந்து, கை இரண்டும் வெறுமையாக வந்து என் பக்கத்தில் இருந்தார். அவருடைய உடம்பு நடுங்கியது எனக்கு இன்னும் தெரிகிறது. ஐந்தாம் நாள் தண்ணீர் வற்றியது. கரையில் நின்ற மருத மரத்தின் கவையில், இரண்டு ஆள் உயரத்தில், அந்தச் சைக்கிள் தொங்கியது.

நீங்கள் அனுப்பிய படத்தில் மரக்கட்டை எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பார்த்தீர்களா? அதை அங்கே வைத்தது தண்ணீர். அழகான படம் என்று எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது தண்ணீர் போட்டுவைத்த அளவுக்கோடு.

பையைப் பற்றிக் கேட்டீர்களே, என் கேள்வி இதுதான்: அந்தப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏற உங்களால் முடியுமா? தெளிந்த தண்ணீர் கலங்கினால், சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தால், மேலிருந்து ரயில் வருவது போல இரைச்சல் கேட்டால், அந்தக் கணத்தில் பையும் கமராவும் கூடாரமும் ஒன்றுமில்லை. ஐந்து பேரும் வீட்டு முற்றத்தில் நின்று பையின் வாரைக் கழற்றிப் பழகுங்கள். பத்து முறை செய்யுங்கள். பக்ஸ்கின் முழுக்க ஏறித் தப்ப இடம் கிடையாது. நடுவில் ஓரிடத்தில் பாறையில் தொற்றி வெளியேற வழி உண்டு. அது எங்கே என்று ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. இரவுக்குக் கூடாரம் மேட்டில்தான். பக்ஸ்கின் பரியாவோடு கூடும் இடத்துக்குச் சற்று முன்னால் அப்படி ஒரு மேடு இருக்கிறது.

அனுமதிச் சீட்டும் ஒரு சைக்கிள்தான். இரவு தங்கி நடக்க நாளுக்கு 20 பேரைத்தான் விடுகிறார்கள் என்பதால் அது கிடைப்பது கஷ்டம். கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்பதற்காகவே அதை விட மனம் வராது. விடுமுறை எடுத்தாயிற்று, நண்பர்கள் வந்தாயிற்று, வாகனம் முடிவிடத்தில் நிறுத்தியாயிற்று, வானமும் நீலமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். அப்போது திரும்புவோம் என்று சொல்லும் ஆள் யார் என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

இனி அம்மா. "அவவுக்கு இதெல்லாம் விளங்காது" என்ற வரியை நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, மகள். ஈச்சிலம்பற்றில் பிறந்த பெண்ணுக்கு, மழையில்லாத நாளில் வரும் தண்ணீரைப் பற்றி விளங்காதா? ஆற்றின் நிறத்தைப் பார்த்து எப்போது அரிசிப் பானையைப் பரணில் ஏற்றுவது, எப்போது மாட்டை அவிழ்த்து விடுவது, எப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுவது என்று அந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். உங்கள் ஐந்து பேருக்குள்ளும் அது தெரிந்தவர் இருக்கிறாரா? நீங்கள் யோசனை கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை, அவதான்.

"அங்க என்ன கோயிலா இருக்கு?" என்று அவ கேட்டதை நீங்கள் பட்டிக்காட்டுக் கேள்வி என்று எடுத்துக்கொண்டீர்கள். நானும் உகந்தையிலிருந்து கும்புக்கன் ஓயாவைக் கடந்து காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு நடந்திருக்கிறேன். கோயிலுக்கு நடக்கிறவர் தனியாக நடப்பதில்லை. முன்னால் ஒரு கூட்டம் போகும், பின்னால் ஒரு கூட்டம் வரும். தண்ணீர் கிடங்கு எங்கே என்று எதிரே யாரும் சொல்வார்கள். ஒருவர் பிந்தினால் அடுத்த தங்குமிடத்தில் தேடுவார்கள். உங்கள் அம்மா கேட்டது அதுதான். அங்கே உன்னைத் தேட ஆள் இருக்கா? அதற்குப் பதிலாக லாஸ் வேகாஸ் ஹோட்டல் என்று பொய் சொன்னால், தேட வேண்டிய நேரத்தில் அவ தவறான ஊரை நினைத்துக்கொண்டு இருப்பா. அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள். சொன்னால் இந்தப் பக்கம் எனக்கு எழுதாதீர்கள்.

போன் எடுங்கள். வரைபடத்தை அனுப்புங்கள். நுழைகிற இடம், கூடாரம் போடும் இடங்கள், முடிகிற இடம் எல்லாம் தமிழில் எழுதிக் கொடுங்கள். உள்ளே போன் வேலை செய்யாது, சுவர் உயரமான இடத்தில் சாட்டிலைட் கருவியும் தடுமாறும், அதனால் ஐந்து நாள் சத்தம் வராது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். லீஸ் ஃபெரிக்கும் திருகோணமலைக்கும் பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு நீங்கள் கரையேறினால் இங்கே திங்கள் காலை ஆறரை. செவ்வாய் காலை ஆறரை வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அழைப்பு வரவில்லை என்றால் யாருக்கு, எந்த இலக்கத்துக்கு அடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் பேச பீனிக்ஸில் இருக்கும் உங்கள் சிநேகிதி ஒருத்தியின் இலக்கமும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

ஆற்றைப் பற்றி அவ ஏதாவது சொன்னால் குறித்துக்கொண்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து