"ஆகஸ்ட் கேதரிங்"னா ஆகஸ்ட் மாசக் கூட்டமா?

கேள்வி: டிசம்பர்ல எங்க சங்கத்தோட ஆண்டு விழா, இங்கிலீஷ்ல வரவேற்புரை நான்தான் பேசணும். பழைய உரை ஒண்ணுல "திஸ் ஆகஸ்ட் கேதரிங்"னு இருந்துச்சு. நண்பர் அதை அடிச்சிட்டு "திஸ் டிசம்பர் கேதரிங்"னு எழுதிட்டார். எது சரி?

பதில்: நண்பர் அடிச்சதை முதல்ல பழையபடி எழுதிடுங்க. அவர் குழம்புனதுல தப்பே இல்ல, மாசத்துக்கும் இதுக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணுதான். ஆனா இங்க அது பெயரடை, பெருமதிப்புக்குரிய, மாண்பு மிக்கன்னு அர்த்தம். நம்ம மேடையில "ஆன்றோர் நிறைந்த இந்த அவையில"ன்னு ஆரம்பிப்போம்ல, கிட்டத்தட்ட அதேதான்.

மாசத்துலேருந்து இந்த வார்த்தை வரல, வார்த்தையிலேருந்துதான் மாசமே வந்துச்சு. லத்தீன்ல "அகுஸ்டுஸ்"னா புனிதமான, வணக்கத்துக்குரியன்னு அர்த்தம், கோயில் மாதிரி இடங்களுக்குத்தான் சொல்வாங்க. "வளர்க்கிறது, பெருக்குறது"ங்கிற வினையோட இதுக்கு உறவு உண்டுன்னு சொல்வாங்க, எழுத்தாளரைக் குறிக்கிற "ஆதர்", ஏலத்தைக் குறிக்கிற "ஆக்‌ஷன்" ரெண்டும் அந்த வேர்லேருந்து முளைச்சதுதான், ஏலத்துல விலை ஏறிக்கிட்டே போகுதுல்ல. கி.மு. 27 ஜனவரியில ரோம் செனட் சபை, அப்ப ரோமோட தலைவரா இருந்த ஆக்டேவியனுக்கு என்ன பட்டம் குடுக்கலாம்னு யோசிச்சப்ப, ரோமை நிறுவுன ரோமுலஸ் பேரையே வைக்கலாம்னு சிலர் சொன்னாங்க, ஆனா ரோமுலஸ் ராஜா, ராஜான்னாலே ரோம்ல ஆகாது, அதனால சாமி இடத்துக்குச் சொல்ற இந்த வார்த்தையை மனுஷனுக்குக் குடுத்தாங்க, அவர்தான் அகஸ்டஸ். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, அதிகாரம்னு ஒரு வார்த்தைகூட இல்லாம பயபக்தியை மட்டும் கொண்டுவந்து நிறுத்திட்டாங்க பாருங்க. அப்புறம் கி.மு. 8ல, ஆறாவதுன்னு அர்த்தம் வர்ற "செக்ஸ்டிலிஸ்" மாசத்துக்கு அவர் பேரை வெச்சாங்க (அவங்க பழைய கணக்குல வருஷம் மார்ச்லதான் ஆரம்பம்). கிரேக்கத்துல இந்தப் பட்டத்தை "செபாஸ்டோஸ்"னு மொழிபெயர்த்தாங்க, செபாஸ்டியன்ங்கிற பேரு அதுலேருந்து வந்ததுதான்.

இனி உங்க மேடைக்கு வருவோம். எழுத்து ஒண்ணா இருந்தாலும் உச்சரிப்பு வேற. மாசத்தைச் சொல்றப்ப "ஆ"வுல அழுத்தி "கஸ்ட்"டை லேசா முழுங்கிடுவோம். பெயரடையில அப்படியே தலைகீழ், "ஆ"வை மெதுவா விட்டுட்டு "கஸ்ட்"ல நல்லா அழுத்தணும். நாலஞ்சு தடவை சத்தமா சொல்லிப் பாருங்க, நாக்கு பழகிடும். எழுதுறப்ப முதல் எழுத்து சின்ன எழுத்து, மாசத்துக்குத்தான் கேப்பிடல். நண்பர்கிட்ட காட்டவும் அந்த ஒரு எழுத்தே போதும்.

ஒரு விஷயம், இது ரொம்ப கனமான வார்த்தை. சபை, நீதிமன்றம், பெரியவங்க கூடியிருக்கிற அவைன்னா பொருந்தும், நாலு நண்பர்கள் சேர்ந்த பார்ட்டிக்கு ஒட்டாது. உரையில ஒரு தடவை, தொடக்கத்துல மட்டும் வெச்சுக்கங்க, அடுத்த தடவை "டிஸ்டிங்விஷ்ட் கெஸ்ட்ஸ்"னு மாத்திக்கலாம். உங்களையோ உங்க சங்கத்தையோ இதால சொல்லிக்காதீங்க, எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்குக் குடுக்குற மரியாதை இது. எப்பவாவது விழா நிஜமாவே ஆகஸ்ட் மாசத்துல வந்துச்சுன்னா இந்த வார்த்தையையே விட்டுடுங்க, நீங்க எவ்வளவு அழகா அழுத்திச் சொன்னாலும் கேக்குறவங்க காதுல மாசம்தான் விழும்.