எட்டை ஒன்பதாக்கிய ரூபாய்

கேள்வி: காரைக்குடி பஸ் நிலையத்தில் ஒரு தரகர் கைக்குட்டையை அவிழ்த்து, “பங்காளிகள் பரம்பரை வளவு வீட்டைப் பிரித்தபோது பெட்டகத்தில் கிடைத்தவை” என்று இரண்டு காசுகளைக் காட்டினார். ஒன்று 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். மற்றது 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் செம்புக் காசு. இரண்டும் சேர்த்து எண்பதாயிரம் கேட்கிறார். காந்தம் ஒட்டவில்லை. நகைக்கடையில் பார்த்ததில் ரூபாய் 11.66 கிராம் இருந்தது, நல்ல வெள்ளி என்றும் சொன்னார்கள். ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: கொடுக்க வேண்டாம் ஐயா.

காந்தச் சோதனையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. செம்பு, பித்தளை, ஈயம் எதிலும் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் போலி என்று தெரியும். ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது.

எடையும் வெள்ளியும் சரியாக இருப்பதுதான் உங்கள் விஷயத்தில் பெரிய பொறி. 1939 ரூபாய் அரியது, விலை அதிகம். 1938 ரூபாய் அந்த அளவுக்கு அரியதல்ல. இரண்டுக்கும் எடை ஒன்று, வெள்ளி ஒன்று, மன்னர் தலையும் ஒன்று. கைதேர்ந்தவன் 1938ஐ எடுத்து, எட்டின் கீழ் வளையத்தில் இடது பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டால் ஒன்பது வந்துவிடுகிறது. காசு முழுக்க அசல், ஓர் இலக்கம் மட்டும் பொய். நகைக்கடைத் தராசும் உரைகல்லும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஹால்மார்க் மையத்துக்குப் போனாலும் மாற்றைத்தான் சொல்வார்கள். ஆண்டு இலக்கத்தைப் பார்ப்பது அவர்கள் வேலையும் அல்ல.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். காசைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கடைசி 9ஐப் பாருங்கள். அசலில், இலக்கத்தின் அடிப்பாகம் சுற்றியுள்ள தளத்திலிருந்து வழவழப்பாக எழும்பும். திருத்தியதில், கீழ் இடப்புறத்தில் நூல் போன்ற கீறல்கள் தெரியும். அந்த இடம் மட்டும் சற்றுப் பள்ளமாகவோ, மற்ற இடத்தைவிடப் பளபளப்பாகவோ இருக்கும். அந்த ஓர் இடத்தில் மட்டும் கறுப்புப் பூசியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆண்டிலேயே இன்னொரு 9 இருக்கிறதே, அதன் வாலோடு இதன் வாலை ஒப்பிடுங்கள். பிறகு நல்ல ஏல நிறுவனத்தின் பட்டியலில் உள்ள படத்தோடும் ஒப்பிடுங்கள்.

செம்புக் காசுக்கு லென்ஸ்கூடத் தேவையில்லை. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. 1616, 1717, 1818 என்று ராமரும் அனுமனும் பொறித்து ஊர் ஊராகத் திரிபவை எல்லாம் பிற்காலத்தில் செய்தவை. இதையே அரிசி இழுக்கும் காசு, இரிடியம் காசு என்று அதிசய சக்தி கட்டிச் சொல்லி லட்சக்கணக்கில் கறந்த கும்பல்கள் உண்டு. அந்தப் பேச்சை எடுத்தால் தரகரிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

சாமி உருவம் இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சென்னையில் கம்பெனி அடித்த வராகன் என்ற தங்க நாணயத்தில் பெருமாள் இருப்பார். இரு தேவியரோடு நிற்கும் மூன்று சாமி வராகனும் உண்டு. பின்புறம் நட்சத்திரம் போட்ட, ஏறக்குறைய 3.4 கிராம் எடையுள்ள வராகனும் உண்டு. 1808ஐ ஒட்டி வந்த வெள்ளி அரை வராகன், கால் வராகனில் ஒருபுறம் கோபுரம், மறுபுறம் பெருமாள். எழுத்தில் தமிழும் தெலுங்கும்கூட இருக்கும். இவை அசல் நாணயங்கள். நம் பக்கத்துப் பெட்டகங்களில் இவை கிடைக்கலாம், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் கொண்டுவந்த பர்மா மயில் ரூபாயும் கிடைக்கலாம். அதனால் சாமியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். பெருமாள் வராகன் வேறு, ராமர் பட்டாபிஷேகச் செம்பு வேறு.

அப்படி ஒரு வராகன் கையில் வந்தால் யாரிடம் காட்டுவது என்று கேட்பீர்கள். காசைச் சோதித்து, எண் போட்ட பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் பெயர்பெற்ற தரச்சான்று நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. நூறாண்டு தாண்டிய காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. சரி, கள்ளக்கடத்தல் நடக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளூரில் ஒரு காசை நீட்டி, கட்டணம் கட்டி, “இது அசலா?” என்று கேட்க மாவட்டத்துக்கு ஓர் அரசு மேசை போட்டால் என்ன குறைந்துவிடும்? அது இல்லாததால்தான் தரகர் வாக்கே சான்றிதழ் ஆகிறது. பிளாஸ்டிக் உறையில் அடைத்து வருவதையும் அப்படியே நம்பாதீர்கள். உறையிலும் போலி வந்துவிட்டது. அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் பாருங்கள்.

பெட்டகக் கதைக்கு வருகிறேன். வீடு எந்த ஊர், எந்த வளவு, யார் பங்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு மாறும். உண்மையான வீட்டுக்காரர் விற்க நினைத்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன; நாலு கடை ஏறி விலை கேட்கலாம். பஸ் நிலையத்தில் வைத்து உங்களிடம் கைக்குட்டையை அவிழ்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

தரகரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: “ஆண்டு, மதிப்பு, உலோகம் எழுதி, போலி என்று தெரிந்தால் பணம் திரும்பத் தருவேன் என்று கையெழுத்திட்ட ரசீது தருவீர்களா?” தந்தால், 1939ஐ மட்டும் நாணயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு மறுபடி பேசலாம். தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதையும் தராவிட்டால் ஐயாயிரத்தோடு போயிற்று என்று விட்டுவிடாமல், அவருடைய தொலைபேசி எண்ணோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வாரம் அதே கைக்குட்டை திருப்பத்தூரிலோ பொன்னமராவதியிலோ அவிழும்.