மேனேஜரும் புரமோட்டரும் ஒரே ஆளா?

கேள்வி: என் தம்பி அமெச்சூர் பாக்ஸர், தேசிய அளவில் பதக்கம் வாங்கியவன். அமெரிக்காவில் ஒருவர், மேனேஜரும் தானே, புரமோட்டரும் தானே என்று ஐந்து வருட ஒப்பந்தம் நீட்டுகிறார். ‘ஒலிம்பிக் சாம்பியன் லெனார்ட் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன்’ என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். ஐந்து வருடத்தை அப்புறம் பார்ப்போம். புரமோட்டர் சண்டையை நடத்துகிறவர். தம்பிக்குத் தரும் பணம் அவருக்குச் செலவு. அதைக் கூட்டிக் கேட்க வேண்டியவர் மேனேஜர். இரண்டும் ஒரே ஆள் என்றால் யாரிடம் யார் பேரம் பேசுவது? குறைவாகக் கொடுத்துவிட்டு, மேனேஜர் பங்கு என்று அதிலும் மூன்றில் ஒன்று வரை பிடித்துக்கொள்வார்.

லெனார்டை இழுத்ததுதான் வேடிக்கை. 1976-ல் மான்ட்ரியலில் தங்கம் வென்ற சுகர் ரே லெனார்ட் இப்படிப்பட்டவர்களிடம் போகவே இல்லை. மைக் டிரெய்னர் என்ற வக்கீல் லெனார்ட் பெயரிலேயே கம்பெனி தொடங்கி, தெரிந்தவர்களிடம் 21,000 டாலர் கடன் திரட்டினார். 1977 பிப்ரவரியில் பால்டிமோரில் முதல் தொழில்முறைச் சண்டை, ஆறு சுற்று. அந்த வருமானத்திலேயே கடன் அடைந்தது. வக்கீலுக்குச் சதவீதம் கிடையாது, மணிக்கணக்கில் ஃபீஸ். பதக்கமும் டிவி மவுசும் இருந்ததால் லெனார்டுக்கு அது முடிந்தது, சரி. ஆனால் உங்களவர் சொல்வது அதற்கு நேர் எதிரான ஏற்பாடு.

அங்கே 2000-ல் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது. வீரரின் மேனேஜர் வருமானத்தில் புரமோட்டருக்குப் பங்கு கூடாது என்கிறது. உடனே நிம்மதி அடையாதீர்கள், அதில் ஒரு விலக்கு இருக்கிறது. பத்துச் சுற்றோ அதற்கு மேலோ உள்ள சண்டைகளுக்குத்தான் இந்தத் தடை. புதிதாக இறங்குகிறவனுக்குக் கிடைப்பது நாலு சுற்று, ஆறு சுற்று. எட்டுச் சுற்று கிடைத்தாலும் தடை இல்லை. அதாவது, ஏமாற வாய்ப்பு அதிகமுள்ள முதல் சில வருடங்களில் சட்டம் வாசலிலேயே நிற்கும். பெயர் வாங்கிய பிறகு உள்ளே வரும். இதை எழுதியவர்கள் ஜிம் பக்கம் போயிருக்கிறார்களா என்றே தெரியவில்லை.

ஒப்பந்தத்தை, அவர் கைகாட்டும் வக்கீலிடம் அல்ல, நீங்களே பிடித்த வக்கீலிடம் காட்டுங்கள். வருடத்துக்கு எத்தனை சண்டை உறுதி, தராவிட்டால் விலகலாமா, காயம்பட்ட மாதங்களைக் கணக்கில் சேர்த்து ஒப்பந்தம் தானாக நீளுமா என்று கேளுங்கள். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்று நடுவில் யாராவது சொன்னால், அவருக்கு எவ்வளவு கமிஷன் என்றும் கேளுங்கள். முன்பணம் தந்தால், அது அன்பளிப்பா, பின்னால் சண்டைக்காசில் கழிப்பதா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே தொடுங்கள்.