மௌன நகைச்சுவைப் படங்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்போது, அவற்றின் பழைய பிலிம் சுருள்களைச் சேகரிப்பதில் என்ன ஈர்ப்பு இருக்கிறது?

இணையத்தில் கிடைப்பது ஒரு படத்தின் ஏதோ ஒரு பிரதி மட்டுமே. பிரதிக்குப் பிரதி படம் மாறுகிறது என்பதே என்னை இழுத்த முதல் காரணம்.

நகைச்சுவை இரட்டையர்களான லாரலும் ஹார்டியும் 1927இல் நடித்த ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பை’ எனப்படும் கிரீம் பண்டத்தைத் தெருவே திரண்டு ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்ளும் அதன் இரண்டாம் சுருள் நெடுங்காலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. 1957இல் ராபர்ட் யங்சன் தொகுத்த படமொன்றில் இடம்பெற்ற சில நிமிடங்களைத்தான் உலகம் பார்த்துவந்தது. அந்தத் துணுக்கில் எல்லோரும் கண்டபடி எறிவதாகவே தோன்றும். 2015இல் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து 16 மி.மீ. அகலப் பிலிமில் ஒரு பிரதி வெளிப்பட்ட பிறகுதான், காப்பீட்டுப் பணத்துக்காக லாரலை வழுக்கி விழவைக்க ஹார்டி போட்ட வாழைப்பழத் தோலில் பண்டக்காரர் விழுவதும், அதன்பின் குறி தவறிய வீச்சுகள் சம்பந்தமில்லாத ஒவ்வொருவராகச் சண்டைக்குள் இழுப்பதும் எவ்வளவு நிதானமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது புரிந்தது.

இத்தகைய பிரதிகள் தனியார் வீடுகளில் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. திரையரங்குகளில் ஓடிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும், நாளடைவில் பொடிந்தும் போகும். பேசும்படம் வந்தபின் நிறுவனங்களும் அதைப் பேணவில்லை. பாத்தே 1922இல் கொண்டுவந்த 9.5 மி.மீ., கோடக் 1923இல் கொண்டுவந்த 16 மி.மீ. ஆகிய, வீட்டில் படம் பார்ப்பதற்கான பிலிம்களோ எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆனவை; அதனால் அவற்றில் எடுத்த பிரதிகள் வீடுகளில் தங்கின.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இவற்றில் பல படங்கள் சிரிப்பையே வரவழைப்பதில்லை. கீஸ்டோன் என்ற அமெரிக்கப் படநிறுவனம் 1914இல் அவசர அவசரமாக எடுத்துத் தள்ளியவற்றில் உதைப்பதும் துரத்துவதும் தவிர வேறொன்றும் இல்லாதவை ஏராளம். ஆனால் அப்படியொரு படம்தான் என்று எண்ணி மிச்சிகனில் பழம்பொருள் விற்பனையில் வாங்கப்பட்ட ‘எ தீஃப் கேச்சர்’ சுருளில், போலீஸ்காரர் வேடத்தில் சாப்ளின் வந்து நிற்பது 2010இல் தெரியவந்தது. அதைப் படித்ததிலிருந்து, பெயர்ச்சீட்டு இல்லாத பிலிம் டப்பாவைக் கண்டால் என்னால் திறந்து பார்க்காமல் நகர முடிவதில்லை. முதலில் சொன்ன லாரல்–ஹார்டி படத்தில்கூட அந்தக் காப்பீட்டை எடுக்கும் காட்சி இன்னும் கிடைக்கவில்லையே.