ஹாட் அற்றாக்குக்குப் பிறகு ஸ்ரெம் செல் ஏத்தவேணுமோ?

பிள்ளை, அடுத்த கிளினிக் திகதி மட்டும் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம், இண்டைக்கே அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. காணியை வித்தெண்டாலும் அப்பாவுக்கு ஸ்ரெம் செல் (இதயத்தில புதுத் தசையா வளரும் எண்டு சொல்லி ஏத்திற மூலச் செல்) ஏத்துவமோ, சீஆர்பி (உடம்பில அழற்சி இருக்கோ எண்டு காட்டுற இரத்தச் சோதனை) கூடிப்போச்சே எண்டுதான் கடிதம் முழுக்கக் கேட்டிருக்கிறியள், ஆனா கடைசி வரியில, இரவில மூண்டு தலகணி வைச்சுத்தான் படுக்கிறார், செருப்புக் கொழுவ ஏலாமல் கால் வீங்கியிருக்கு, முழங்கால் நோவுக்கு பாமசியில டைக்குளோபினாக் வாங்கிப் போடுறார் எண்டு எழுதியிருக்கிறியள். எனக்குப் பயம் அந்த வரியிலதான். அற்றாக் வந்து மூண்டு கிழமையில ஒரு ஆளுக்கு நேரா படுக்க மூச்சு முட்டுது எண்டால், இதயம் பம்ப் பண்ணக் கஷ்டப்பட்டு நுரையீரலில தண்ணி தேங்குது எண்டுதான் முதல்ல நினைக்கோணும். டைக்குளோபினாக் உப்பையும் தண்ணியையும் உடம்பில பிடிச்சு வைச்சு அதைக் கூட்டும், திரும்ப அற்றாக் வாற ஆபத்தையும் கூட்டும், இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் குடுக்கிற அஸ்பிரின் குளோப்பிடோகிரலோட சேந்தால் வயித்துக்க இரத்தம் கசியும். இப்பவே நிப்பாட்டுங்கோ, நோவுக்கு அளவா பனடோல் காணும். துண்டில்லாமல் இந்தக் குளிசையை ஹாட் வருத்தக்காரருக்குக் குடுக்கிறதைக் கேட்கவே கோபம் வருது.

வோட்டில எடுத்த சீஆர்பி கூடவா இருந்ததுக்குப் பயப்பிடாதேங்கோ, அது ஏறத்தான் செய்யும். செத்த தசையை வெள்ளை அணுக்கள் வந்து துப்புரவாக்கினாப் பிறகுதான் அந்த இடத்தில தழும்பு பிடிக்கும், அது இறுக 6-8 கிழமை எடுக்கும். அழற்சியே இல்லாட்டி ஆறுறதும் இல்லை.

இனிக் காணி விக்கிற கதை. வேண்டாம். ஐரோப்பாவில 375 பேரோட செய்த ஆராய்ச்சி ஒண்டில, எலும்பு மச்சைச் செல்லை எடுத்து இதய இரத்தக்குழாய்க்குள்ள விட்டுப் பாத்தவை, 2020 இல முடிவு வந்தது, அதால சாவு குறைஞ்சது எண்டு காட்ட ஏலாமல் போச்சு. எலியில செய்த இன்னொரு ஆராய்ச்சியில செத்த செல்லை ஏத்தினாலும் உயிருள்ள செல்லை ஏத்தின மாதிரியே பலன் கிடைச்சது, ஏனெண்டால் வேலை செய்தது புதுத் தசை இல்லை, அந்த ஊசி கிளப்பிவிட்ட அழற்சிதான். யூடியூப்பில காசு கேக்கிறவை இதைச் சொல்லமாட்டினம். காசில்லாததால அப்பாவைக் கைவிட்டிட்டம் எண்டு மனசைப் போட்டு வதைக்காதேங்கோ, அவருக்குத் தேவையானது இங்கயே இருக்கு.

போகேக்க டிஸ்சார்ஜ் காட், எக்கோ ரிப்போட், வீட்டில கிடக்கிற எல்லாக் குளிசையும், அந்த டைக்குளோபினாக்கையும் ஒளிக்காமல், ஒரு பையில போட்டுக் கொண்டுபோங்கோ. வெளிக்கிட முதல் இருந்தபடியே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ ஓட்டோ பிடிக்கவேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.