சம்பளச் சீட்டில் ஒரு ‘சி’: வேல்ஸுக்கு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, மதுரையிலிருந்து ஸ்வான்சிக்குச் செவிலியர் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வரிக் குறியீட்டுக்கு முன்னால் ‘சி’ என்ற எழுத்து ஏன் நிற்கிறது, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கும் நண்பர் மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்ட உங்களுக்கு மட்டும் ஏன் இலவசம், உடன் வேலை செய்பவர்கள் லண்டன் தங்களை வஞ்சிக்கிறது என்று ஏன் புலம்புகிறார்கள், வேல்ஸ் நாடா மாநிலமா, வீட்டுக்கு வந்த வாக்காளர் படிவத்தைக் குப்பையில் போட்டுவிடலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். படிவத்தைப் போட்டுவிடாதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 2004இல் இதே வேலைக்கு வந்தவள். அப்போது எனக்கும் இது இங்கிலாந்தின் ஒரு மூலை என்றுதான் தோன்றியது. ‘சி’ என்பது கம்ரி (Cymru). வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர் அது. ‘ஒரே மண்ணைச் சேர்ந்த நம்மவர்கள்’ என்பது அதன் வேர்ப்பொருள். ‘வேல்ஸ்’ என்பதோ பழைய ஆங்கிலத்தில் அந்நியரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இருந்தவர்களுக்கு வந்தவர்கள் வைத்த பெயர். இதை அறிந்த நாளிலிருந்து சாலைப் பலகைகளில் முதலில் வெல்ஷ் எழுத்தைத் தேடிப் படிக்கிறேன்.

2019 முதல் வருமான வரியின் ஒவ்வொரு விகிதத்திலும் 10 சதவீதப் புள்ளிகளை நிர்ணயிக்கும் உரிமை வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் இருக்கும் சட்டமன்றத்துக்கு உண்டு. அதன் பெயர் செனெத். அது இங்கிலாந்தின் அளவையே வைத்திருப்பதால் உங்கள் கைக்கு வரும் தொகையில் வேறுபாடு தெரியாது. ஸ்காட்லாந்தில் வரி அடுக்குகளே வேறு. மருந்து இலவசமானது 2007 ஏப்ரலில். சுகாதாரம் செனெத்தின் பொறுப்பு. இங்கிலாந்தின் முடிவு இங்கே செல்லாது.

நாடா மாநிலமா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1536இல், வேல்ஸ் இங்கிலாந்தோடு சட்டப்படி இணைக்கப்பட்டது. நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் ஆனது. 1979இல் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது ஐந்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். 1997இல் மறுபடி கேட்டபோது வேண்டும் என்றார்கள், வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில். நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் மூதாட்டி, கார்மார்த்தன்ஷயர் முடிவு கடைசியாக வரும்வரை அன்றிரவு தூங்காமல் இருந்ததை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் நடந்தது என்ன என்று கேட்டால், சுரங்கங்கள் மூடியதைத்தான் சொல்வார். வேல்ஸ் பெரும்பான்மையாக வாக்களிக்காத கட்சியே அத்தனை காலமும் லண்டனில் ஆண்டது.

நம் ஊர்க் கண்ணோடு பார்த்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். இந்தியாவில் எது ஒன்றிய அரசின் வேலை, எது மாநிலத்தின் வேலை என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. அதை மாற்ற, நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு பாதி மாநிலங்களின் சம்மதமும் வேண்டும். வரியைப் பங்கிட நிதி ஆணையம் உண்டு. அதன் பங்கீட்டில் நமக்கு எவ்வளவு மனக்குறை இருந்தாலும், கேட்பதற்கு ஓர் இடமாவது இருக்கிறது. இங்கே ஒரே ஏட்டில் எழுதிவைத்த அரசமைப்புச் சட்டம் கிடையாது. செனெத்தைப் படைத்தது லண்டன் நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம். செனெத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் அதன் சம்மதம் இல்லாமல் லண்டன் ‘வழக்கமாக’ சட்டம் இயற்றாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். இதே சொல் ஸ்காட்லாந்துச் சட்டத்திலும் உண்டு. அது அரசியல் மரபு, அதை நீதிமன்றம் காவல் காக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு சொல்லிவிட்டது. 2020இல், ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகளுக்கிடையே வணிகம் தடையின்றி நடக்க என்று கொண்டுவந்த உள்நாட்டுச் சந்தைச் சட்டத்துக்கு செனெத்தும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமும் சம்மதம் மறுத்தன. சட்டம் நிறைவேறியது. என்னை உறுத்துவது இதுதான் தம்பி: கொடுத்த உரிமைகளுக்கெல்லாம் சாவி கொடுத்தவரிடமே இருக்கிறது.

உங்களோடு வேலை செய்பவர்களின் புலம்பலுக்கு வருகிறேன். அபெரிஸ்ட்வித் பக்கம் போனால் சாலையோரம் ஒரு பழைய கல் சுவரில் ‘ட்ரவெரினை மறவாதே’ என்று வெல்ஷில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். வடக்கே ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கப்பேல் கெலின் என்று ஒரு சிற்றூர் இருந்தது. வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஊர். பள்ளி, தேவாலயம், அஞ்சலகம் எல்லாம் இருந்தன. லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக அணை கட்ட 1957இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸின் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. அதனால் எதுவும் மாறவில்லை. 1965இல் ஊர் நீரில் மூழ்கியது. லிவர்பூல் மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது. நான் வந்த மறு ஆண்டு அது. வார்டில் அந்தச் செய்தியைப் படித்த ஒரு முதியவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மதியம்வரை யாரோடும் பேசவில்லை.

இப்போதைய மனக்குறை பணத்தைப் பற்றியது. இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினால், அந்தக் கூடுதலில் மக்கள்தொகை விகிதப்படி ஒரு பங்கு வேல்ஸுக்கு வரும். 1970களின் இறுதியில் வந்த இதற்குப் பார்னெட் சூத்திரம் என்று பெயர். தலையை எண்ணும் இந்தக் கணக்கு தேவையை எண்ணுவதில்லை. நீங்கள் நுரையீரல் பிரிவில் வேலை செய்தால் இதை நான் விளக்கவே வேண்டாம். நிலக்கரித் தூசியைச் சுவாசித்த தலைமுறைக்கு ஆகும் செலவும், லண்டன் புறநகரின் இளைஞர்களுக்கு ஆகும் செலவும் ஒன்றாகுமா? லண்டனும் கார்டிஃபும் செய்துகொண்ட 2016 உடன்பாட்டில்தான் தேவையைக் கருதி ஒரு சிறு கூடுதல் சேர்ந்தது.

ரயில் விஷயம் இன்னும் கசப்பானது. லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கக் கட்டப்பட்டுவரும் அதிவேகப் பாதையான எச்.எஸ்.2இல் ஒரு மைல்கூட வேல்ஸில் இல்லை. ஆனால் அதை ‘இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான’ திட்டம் என்று லண்டன் அரசின் நிதித்துறையான கருவூலம் வகைப்படுத்தியது. ரயில் பாதை அமைக்கும் அதிகாரம் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் உண்டு என்பதால் அவற்றுக்குப் பங்கு கிடைத்தது. வேல்ஸுக்கு அந்தப் பங்கு இல்லை. கார்டிஃபிலிருந்து வடக்கே பேங்கருக்கு ரயில் ஏறிப் பாருங்கள். இங்கிலாந்துக்குள் நுழைந்து ஹியர்ஃபர்ட், ஷ்ரூஸ்பரி வழியாகச் சுற்றித்தான் சொந்த நாட்டின் மறுகோடிக்குப் போய்ச் சேர முடியும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வேல்ஸில் வசூலாகும் வரியைவிட இங்கே செலவாகும் அரசுப் பணம் அதிகம். நம் மருத்துவமனைகளின் நீண்ட காத்திருப்புப் பட்டியலுக்கு லண்டனை மட்டும் குறை சொல்வதும் நியாயம் ஆகாது. 1999 முதல் சுகாதாரத்தை நடத்துவது கார்டிஃப். இதை ஒப்புக்கொண்ட பிறகும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. எந்தத் திட்டம் யாருக்கானது என்று வகைப்படுத்துவதும் கருவூலம், அதில் சச்சரவு வந்தால் இறுதிச் சொல் சொல்வதும் கருவூலம் என்றால், அது என்ன பஞ்சாயத்து? வேல்ஸின் ஆட்சியமைப்பு எதிர்காலத்தை ஆராய, முன்னாள் பேராயர் ரோவன் வில்லியம்ஸும் பேராசிரியர் லாரா மெக்கலிஸ்டரும் தலைமை ஏற்ற ஆணையம் 2024 ஜனவரியில் தந்த அறிக்கையும் இன்றைய ஏற்பாடு நிலையானதல்ல என்றுதான் சொன்னது. அதிகாரத்தை வலுப்படுத்துவது, கூட்டாட்சி, தனிநாடு ஆகிய மூன்று வழிகளையும் அது நடைமுறைக்கு ஏற்றவையாகவே கருதியது. எனக்குக் கூட்டாட்சியில்தான் மனம். தனிநாடு கேட்கும் தோழிகளும் எனக்கு உண்டு. எந்த மாற்றமும் வேண்டாம் என்னும் தோழிகளும் உண்டு. மூவகையினரோடும் நீங்கள் தாராளமாகப் பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி அந்தப் படிவம். வந்து மூன்று மாதம்தானே, நமக்கு என்ன உரிமை என்று நினைக்க வேண்டாம். நானும் அப்படி நினைத்து ஐந்து ஆண்டுகளை வீணாக்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை. இந்தியா காமன்வெல்த் நாடு. இங்கே சட்டப்படி வசிக்கும் இந்தியக் குடிமகன் உள்ளாட்சி, செனெத், லண்டன் நாடாளுமன்றம் மூன்றுக்கும் வாக்களிக்கலாம். உங்களோடு தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ் தோழர், அவர் நாடு காமன்வெல்த்தில் இல்லாவிட்டாலும், இங்கே தங்க முறையான அனுமதி இருந்தால் செனெத்துக்கும் உள்ளாட்சிக்கும் வாக்களிக்கலாம். அதற்கு வழி செய்தவை செனெத் தானே இயற்றிய சட்டங்கள். 16 வயதினருக்கு வாக்குரிமை தந்தவையும் அதே சட்டங்கள்தான். 2026 மே தேர்தல் முதல் செனெத்தில் 60க்குப் பதில் 96 உறுப்பினர்கள். 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி இடங்கள்.

பதிவு செய்யத் தேசியக் காப்பீட்டு எண்ணும் பிறந்த தேதியும் போதும். குடியுரிமை என்ற இடத்தில் தயங்காமல் இந்தியா என்று எழுதுங்கள். அந்தப் பிலிப்பைன்ஸ் தோழருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அவரிடம் இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.